முள்மரம் வைக்கும் பரீட்சை

போளூரிலிருந்து ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். சமவெளியில் சிட்டாய்ப் பறந்து வந்த வண்டி, மலைப்பாதை தொடங்கியதும் புது மருமகளைப்போல் அடக்க ஒடுக்கமாக நடை போட ஆரம்பித்துவிடும். இருபுறமும் மரங்கள் நெருங்கி வருகின்றன. வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. டிரைவருக்கு வேகமாக ஓட்டத் தெரியாதா என்ன? தெரியும். அதைவிட முக்கியமான இன்னொன்றும் தெரியும். வேகத்தை எங்கே விடவேண்டும், எங்கே பிடித்து நிறுத்தவேண்டும் என்பதுதான் அது.

கோல்ப் என்னும் ஆட்டத்திலும் ஒரு டிரைவர் உண்டு. அது ஆள் அல்ல, மட்டை. ஆட்டக்காரரின் பையில் இருக்கும் மட்டைகளிலெல்லாம் நீளமானதும், பந்தை மிகத் தொலைவுக்கு அனுப்புவதும் அதுதான். மலைப்பாதை பஸ் டிரைவர் செய்வதை, மரங்கள் அடர்ந்த மைதானத்தில் கோல்ப் ஆட்டக்காரரும் செய்ய வேண்டியிருக்கிறது. கையில் பலம் இருக்கிறது, பையில் டிரைவர் இருக்கிறது. ஆனாலும் அதை எடுக்காமல் இருக்கத் தெரிய வேண்டும். பேர்பெற்ற ஆட்டக்காரர்கள் பலர் இந்த ஒரு பாடத்தில்தான் தேறாமல் போயிருக்கிறார்கள்.

“கோல்பா? அது பணக்காரர்கள் பொழுது போக்கும் ஆட்டம். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு முள்மரம், பெரிய பெரிய மனிதர்களையெல்லாம் தலை குனிய வைத்த கதை இதில் இருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைகளை அதே மரம் தூக்கி நிறுத்திய கதையும் இருக்கிறது.

ஆட்டம் இவ்வளவுதான்

முதலில் ஆட்டத்தைத் தெரிந்து கொள்வோம். கோல்ப் என்பது நம் ஊர்க் கிட்டிப்புள்ளுக்குப் பணக்கார ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு சின்னப் பந்து; எடை 46 கிராமுக்குள்தான் இருக்க வேண்டும். ஓரிடத்தில் வைத்து அடிக்க வேண்டும். நானூறு கெஜத்துக்கு அப்பால் ஒரு குழி. அதன் வாய் நாலேகால் அங்குல அகலம், ஒரு டம்ளர் இறங்குகிற அளவு. அந்தக் குழிக்குள் பந்தை எத்தனை அடியில் சேர்த்தீர்கள் என்பதுதான் கணக்கு. குறைவாக அடித்தவர் வென்றவர். இப்படி 18 குழிகள். எல்லாவற்றையும் முடிக்க நல்ல ஆட்டக்காரருக்கு இத்தனை அடி போதும் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அதற்குப் ‘பார்’ என்று பெயர். பெரிய மைதானங்களில் அது அநேகமாக 72. பையில் 14 மட்டைகளுக்குமேல் வைத்துக் கொள்ளக் கூடாது. பையைச் சுமந்து கூடவே நடந்து, யோசனையும் சொல்லுகிற உதவியாளருக்குக் ‘காடி’ என்று பெயர். (நீராகாரம் புளித்தால் வருமே, அந்தக் காடி அல்ல!)

இன்னொரு வார்த்தை, அமெச்சூர். நம் சபாக்களில் அமெச்சூர் நாடகம் என்றால், காலையில் ஆபீஸ், மாலையில் அரிதாரம் என்று அர்த்தம். கோல்பிலும் அப்படியே. ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர் அமெச்சூர். ஆனால் திறமை குறைந்தவர் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. இந்தியாவின் தேசிய அமெச்சூர் போட்டி 1892-ம் ஆண்டிலேயே தொடங்கியது. 1965-ம் ஆண்டு கல்கத்தாவில் நடந்த இந்திய ஓபன் போட்டியில், வெளிநாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளி முதலில் வந்தவர் பி. ஜி. சேத்தி என்னும் அமெச்சூர். பில்லூ சேத்தி என்று செல்லமாக அழைப்பார்கள். அந்தப் போட்டியில் வென்ற முதல் இந்தியர் அவர்தான். அதற்குப் பிறகு இன்றுவரை வேறு எந்த அமெச்சூரும் அதை வென்றதில்லை.

தலைநகரின் நடுவே ஒரு காடு

நம் தமிழ்நாட்டிலும் கோல்ப் மைதானங்கள் உண்டு. சென்னை கிண்டியில் குதிரைப் பந்தய மைதானத்தின் நடுவிலேயே ஒன்று இருந்து பிரசித்தி பெற்றது. ஊட்டியில் பைன் மரங்களுக்கிடையே ஒன்று. கொடைக்கானலில் உள்ள மைதானத்தில் சில நாட்களில் காட்டு மாடுகள் வந்து மேய்ந்துகொண்டிருக்கும். அவை போகும்வரை ஆட்டக்காரர்கள் மரியாதையாகக் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் மரங்கள் மனிதனைச் சோதிப்பதில் இந்தியாவிலேயே பெயர் எடுத்தது டில்லி கோல்ப் கிளப்பின் லோதி மைதானம்.

புதுடில்லியின் நட்டநடுவில், ஹுமாயூன் சமாதிக்கும் லோதி தோட்டத்துக்கும் அக்கம் பக்கமாக இருக்கிறது அது. 1930-களில் உருவாகி, 1950-ம் ஆண்டில் டில்லி கோல்ப் கிளப் என்ற பெயரில் தனி ஸ்தாபனமாயிற்று. பிரிட்டிஷ் ஓபன் போட்டியை ஐந்து முறை வென்ற ஆஸ்திரேலியரான பீட்டர் தாம்ஸன், 1970-களில் இந்த மைதானத்தைத் திருத்தி அமைத்துக் கொடுத்தார். பிற்பாடு 2019-ம் ஆண்டில் தென்னாப்பிரிக்க வீரர் காரி பிளேயரின் நிறுவனம் மறுபடி புதுப்பித்தது.

உள்ளே நுழைந்தால் விளையாட்டு மைதானம் என்ற நினைவே வராது. சரித்திரப் புத்தகத்தின் ஏடு ஒன்று பிரிந்து கிடப்பதுபோல் இருக்கும். பழைய கல்லறை மண்டபங்கள் அங்கங்கே நிற்கின்றன. மொகலாயர் காலத்தைச் சேர்ந்த ‘லால் பங்களா’ என்னும் சிவப்புக் கல் மாடம் மைதானத்துக்குள்ளேயே இருக்கிறது. மயில்கள் தோகையை இழுத்துக்கொண்டு புல்தரையில் உலாவுகின்றன. பெரிய மைதானத்தை ஒட்டியுள்ள ஒன்பது குழி மைதானத்துக்கு மயிலின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

மயிலையும் மண்டபத்தையும் பார்த்து மயங்கிய ஆட்டக்காரர் முதல் அடியைச் சற்றுக் கோணலாக அடித்தாரோ, ரசனையெல்லாம் பறந்து போய்விடும். பந்து உருண்டோட வேண்டிய புல்வீதியின் இரு பக்கமும், வேலி கட்டினாற்போல் மரமும் புதரும். வேம்பு உண்டு. அதைவிட அதிகமாக, டில்லிக்காரர்கள் ‘கீக்கர்’ என்று சொல்லும் முள்மரங்கள். அது வேறொன்றுமில்லை, நமக்குப் பழக்கமான கருவேல இனம்தான். ‘விலாயதி கீக்கர்’ என்று டில்லியில் சொல்வதைத்தான் நாம் சீமைக் கருவேலம் என்கிறோம். விலாயதி என்றாலும் சீமை என்றாலும் பொருள் ஒன்றே. நம் கிராமங்களில் அடுப்புக்கு விறகாகவும், வயலுக்கு வேலியாகவும், நடக்கிறவர் காலுக்கு எமனாகவும் இருக்கிற அதே மரம், டில்லியில் கோல்ப் பரீட்சைக்கு வாத்தியாராக நிற்கிறது!

கடிகாரத்தில் ஒரு கணக்கு

அப்படி என்ன பிரமாதமான கஷ்டம் என்று கேட்கலாம். சுவரில் இருக்கும் கடிகாரத்தைச் சற்றுப் பாருங்கள். நிமிஷ முள் ஒரு நிமிஷத்தில் நகர்கிற தூரம் 6 டிகிரி கோணம். மிகச் சின்ன நகர்வு. கூர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

இப்போது புல்வீதியின் அகலம் 30 கெஜம் என்று வைத்துக் கொள்வோம். நடுவில் குறி வைத்து அடிக்கிறார் ஒருவர். பந்து 250 கெஜ தூரம் போகிறது. அது புல்வீதியைத் தாண்டாமல் இருக்க வேண்டுமானால், இடமோ வலமோ 15 கெஜத்துக்குமேல் விலகக் கூடாது. கோணத்தில் சொன்னால் சுமார் மூன்றரை டிகிரி. அதாவது, நிமிஷ முள் ஒரு நிமிஷத்தில் நகர்வதில் பாதியைக் கொஞ்சம் தாண்டினாலும் பந்து முள்ளுக்குள்ளே!

அதே ஆசாமி டிரைவரை வைத்துவிட்டுச் சிறிய மட்டையை எடுத்து 200 கெஜம் மட்டும் அடித்தால் என்ன ஆகும்? அவருக்கு நாலேகால் டிகிரி வரை பிசக இடம் உண்டு. முக்கால் டிகிரிக்கு மேல் லாபம். “முக்கால் டிகிரி ஒரு லாபமா?” என்று கேட்டுவிடாதீர்கள். மாதக் கடைசியில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு முக்கால் படி அரிசியின் அருமை தெரியாதா?

ஆனால் இந்த லாபம் சும்மா வராது. 400 கெஜக் குழியானால், 250 அடித்தவருக்குப் பாக்கி 150. 200 அடித்தவருக்குப் பாக்கி 200. அடுத்த அடி நீளமாகவும் கடினமாகவும் ஆகிவிடுகிறது. பக்கத்தில் நிற்கிற போட்டியாளர் டிரைவரை ஓங்கி அடித்துப் பந்தை வெகு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டுப் புன்சிரிப்புச் சிரிக்கிறார். சுற்றி நிற்பவர்கள் கை தட்டுகிறார்கள். அந்தச் சமயத்தில் “எனக்கு 200 போதும்” என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். திறந்தவெளி மைதானத்தில் பலசாலி பிழைத்துக் கொள்வான். பந்து பாதை விலகினாலும் பக்கத்துப் புல்லிலிருந்து மறுபடி அடித்துக் கொள்ளலாம். மரம் நிற்கிற மைதானத்தில் அந்த மன்னிப்பு இல்லை.

கோல்ப் ஆடுகிறவர்களிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. “மரம் என்பது பெரும்பாலும் காற்றுத்தானே? பந்து இடுக்கில் புகுந்து போய்விடும்” என்பார்களாம். கொசுவலைகூடப் பெரும்பாலும் ஓட்டைதான். கொசுவைக் கேட்டால் உண்மை தெரியும்.

புதருக்குள் யார் பார்க்கிறார்கள்?

பந்து புதருக்குள் போய்விட்டது. இனி என்ன?

முதலில் தேட வேண்டும். முன்பெல்லாம் ஐந்து நிமிஷ அவகாசம் இருந்தது. 2019-ம் ஆண்டிலிருந்து மூன்று நிமிஷம்தான். அதற்குள் அகப்படாவிட்டால் பந்து ‘தொலைந்தது’. ஓர் அடி அபராதம்; அதோடு முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி அடிக்க வேண்டும்.

அகப்பட்டுவிட்டால் சோதனை இன்னும் கடுமை. பந்து முள்ளின் நடுவே கிடக்கிறது. மட்டையை வீச இடைஞ்சலாக ஒரு கிளை நீட்டிக்கொண்டிருக்கிறது. நாமாக இருந்தால் அரிவாளை எடுத்து ஒரு வெட்டு! ஆனால் விதி அதற்குச் சம்மதிப்பதில்லை. வசதிக்காகக் கிளையை ஒடிக்கக் கூடாது, வளைத்துக் கட்டக் கூடாது. செய்தால் இரண்டு அடி அபராதம். கிடந்தது கிடந்தபடி அடி. இல்லையேல் “இதை என்னால் அடிக்க முடியாது” என்று ஒப்புக்கொண்டு, ஓர் அடி அபராதம் ஏற்றுக்கொண்டு, பந்தை எடுத்து வெளியே போட்டு அடி.

இங்கேதான் மனித சுபாவம் வெளிப்படுகிறது. இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி தெரியும். அதன் வழியே பார்த்தால் கொடி பறக்கிறது. ‘ஒரே அடி, அந்த இடுக்கு வழியாக அனுப்பிவிட்டால் தப்பு நடந்ததே யாருக்கும் தெரியாது’ என்று மனம் சொல்லும். பத்தில் ஒன்பது தடவை அந்தப் பந்து அடிமரத்தில் ‘டக்’கென்று மோதி, இன்னும் ஆழமான புதருக்குள் போய் விழும். ஒரு தப்பை ஒப்புக்கொண்டால் ஓர் அடியோடு போயிருக்கும். மறைக்கப் பார்த்ததில் மூன்று அடி போயிற்று. இது கோல்புக்கு மட்டும் பொருந்தும் நீதியா என்ன?

இன்னொரு சோதனையும் உண்டு. கிரிக்கெட்டில் இரண்டு அம்பயர்கள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோல்பில் ஒவ்வொருவர் பின்னாலும் நடுவர் நடப்பதில்லை. புதருக்குள் பந்து காலில் பட்டு நகர்ந்தால் பார்த்தவர் யாரும் இல்லை. ஆட்டக்காரர்தான் வெளியே வந்து தன்மேல் தானே அபராதம் போட்டுக்கொள்ள வேண்டும்.

1925-ம் ஆண்டு அமெரிக்க ஓபன் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்னும் அமெச்சூர் அப்படிச் செய்தார். நீண்ட புல்லில் கிடந்த பந்து, அவர் மட்டையைக் கொண்டுபோகும்போது சற்று அசைந்துவிட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை. அவரே சொல்லி ஓர் அடியைச் சேர்த்துக் கொண்டார். கடைசியில் அந்த ஓர் அடியால் முதலிடம் சமநிலையாகி, மறு ஆட்டத்தில் பட்டம் கைவிட்டுப் போயிற்று. ஆனால் பெயர் போகவில்லை. 1930-ல் ஒரே வருஷத்தில் பிரிட்டன், அமெரிக்கா இரண்டின் ஓபன், அமெச்சூர் பட்டங்கள் நான்கையும் வென்றுவிட்டு, 28-வது வயதில் போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டார். கடைசிவரையில் அமெச்சூராகவே ஆடியவர் அவர்.

1982-ல் டில்லி

1982 நவம்பர் 19-ம் தேதி தொடங்கிய டில்லி ஆசிய விளையாட்டுக்களைப் பலருக்கு நினைவிருக்கும். ‘அப்பு’ என்னும் யானைக்குட்டி வீட்டுக்கு வீடு செல்லப் பிள்ளையாக இருந்தது. வர்ண டெலிவிஷன் நம் நாட்டில் பரவியதும் அந்தச் சமயத்தில்தான். பி. டி. உஷா இரண்டு வெள்ளி வென்றதையும், வல்சம்மா தடை ஓட்டத்தில் தங்கம் வென்றதையும் வீடெல்லாம் பேசினார்கள். இந்தச் சந்தடியில் லோதி மைதானத்து முள்மரங்களுக்கு நடுவே நடந்த ஒரு காரியம் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

ஆசிய விளையாட்டுக்களில் கோல்ப் சேர்க்கப்பட்டது அதுவே முதல் தடவை. அந்தக் காலத்தில் அது அமெச்சூர்களுக்கே உரிய போட்டி. ஆசியாவின் சிறந்த அமெச்சூர்கள் வந்தார்கள். அவர்களில் ஜப்பானிய வீரர் டெட்சுவோ சகாட்டா சாதாரண ஆள் அல்ல. இந்தியாவின் சார்பில் லக்ஷ்மண் சிங், ராஜீவ் மோத்தா, ரிஷி நாராயண், அமித் லூத்ரா என்ற நால்வர் ஆடினார்கள்.

விருந்தாளிகளுக்கு இருந்த ஆற்றலில் குறைவில்லை. ஆனால் எந்தப் புதர் பந்தைத் திருப்பிக் கொடுக்கும், எந்தப் புதர் விழுங்கிவிடும் என்பது நம்மவர்களுக்குத் தெரியும். சமையலறையில் விளக்கு அணைந்தாலும், உப்பு ஜாடி எங்கே, புளிப்பானை எங்கே என்று வீட்டுக்காரிக்குத் தெரிவதில்லையா, அது மாதிரி! முடிவில் லக்ஷ்மண் சிங்குக்குத் தங்கம், ராஜீவ் மோத்தாவுக்கு வெள்ளி, சகாட்டாவுக்கு வெண்கலம். குழுவுக்கான தங்கமும் இந்தியாவுக்கே. அந்த ஆண்டு இந்தியா வென்ற 13 தங்கங்களில் இரண்டு, முள்மரங்களுக்கிடையே விளைந்தவை. தனிநபர் பிரிவில் அடுத்த தங்கம் கிடைக்க இருபது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2002-ல் பூஸான் நகரில் அதை வென்றவர் டில்லிப் பிள்ளையான ஷிவ் கபூர். அந்த முள்ளில் நடை பழகியவர்!

சிறியவர்களின் மைதானம்

இனி அந்த மரத்தின் இன்னொரு குணத்தைச் சொல்ல வேண்டும். ஓங்கி அடிப்பதற்கு உயரம் வேண்டும், போஷாக்கு வேண்டும், விலையுயர்ந்த மட்டை வேண்டும். நேராக அடிப்பதற்கு வேண்டியது பயிற்சியும் பொறுமையும். ஆகவே, மரங்கள் நெருங்கிய மைதானம் வசதி படைத்தவரையும் வசதி இல்லாதவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துப் பரீட்சை எழுதச் சொல்கிறது.

அலி ஷேர் என்பவர் இதே டில்லி கிளப்பில் மற்றவர்கள் பையைச் சுமந்த ‘காடி’. தொழில்முறை ஆட்டக்காரராக மாறி, 1991-ம் ஆண்டு இதே லோதி மைதானத்தில் இந்திய ஓபன் பட்டத்தை வென்றார். சேத்திக்குப் பிறகு 26 வருஷம் கழித்து அந்தக் கோப்பையைத் தொட்ட இந்தியர் அவர். 1993-ல் மறுபடியும் வென்று, முதல் தடவை அதிர்ஷ்டம் அல்ல என்று காட்டினார்.

கல்கத்தாவின் எஸ். எஸ். பி. சௌராஸியாவின் கதையும் அப்படித்தான். 1829-ம் ஆண்டில் தோன்றிய ராயல் கல்கத்தா கோல்ப் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே மிகப் பழையது. அங்கே புல்தரையைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர் சௌராஸியாவின் தகப்பனார். மகன் குள்ளமான உருவம், மெலிந்த தேகம், மற்றவர்கள் அளவுக்குத் தொலைவாக அடிப்பவரும் அல்ல. ஆனால் 2008-ம் ஆண்டு உலகப் புகழ் பெற்ற ஐரோப்பியர்கள் ஆடிய இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியை அவர் லோதி மைதானத்தில் வென்றார். 2016-ல் அதே மைதானத்தில் இந்திய ஓபனையும் வென்றார். நெடிய வீரர்களின் பந்துகள் கருவேலத்தில் சிக்கித் தவித்தபோது, இவருடைய பந்து நடுவீதியில் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டிருந்தது.

ஜனாதிபதிக்கும் மரத்துக்கும் வழக்கு

மரத்தோடு மல்லுக்கு நின்று தோற்றவர்களில் ஓர் அமெரிக்க ஜனாதிபதியும் உண்டு. பாபி ஜோன்ஸ் போட்டிகளிலிருந்து விலகிய பிறகு, ஜார்ஜியா மாகாணத்தில் ஒரு பழைய செடி கொடி நாற்றங்காலை வாங்கி அகஸ்டா நேஷனல் என்ற மைதானத்தை உண்டாக்கினார். அங்கே 18 குழிகளுக்கும் செடி கொடி மரங்களின் பெயர்களே. 1934-ம் ஆண்டிலிருந்து ‘மாஸ்டர்ஸ்’ போட்டி நடக்கும் இடம் அதுதான்.

ஜனாதிபதி ஐஸன்ஹோவர் அங்கே அங்கத்தினர். 17-வது குழிக்குப் போகும் வழியில் இடப் பக்கமாக ஒரு பைன் மரம். அவர் பந்து அடிக்கும்போதெல்லாம் அதில் போய் முட்டிக்கொள்ளும். யுத்தத்தில் ஹிட்லரின் சேனையை முறியடித்த தளபதிக்கு ஒரு மரத்தை ஜயிக்க முடியவில்லை! 1956-ம் ஆண்டு கிளப் கூட்டத்தில் எழுந்து நின்று, அந்த மரத்தை வெட்டிவிட வேண்டும் என்றார். தலைவர் கிளிப்போர்ட் ராபர்ட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? அந்த யோசனைக்கு இடமில்லை என்று தள்ளி, கூட்டத்தையே கலைத்துவிட்டார். ‘ஐஸன்ஹோவர் மரம்’ என்று பெயர் பெற்று, ஜனாதிபதி காலமான பிறகும் பல்லாண்டு நின்றது அது. 2014-ம் ஆண்டு பனிப்புயலில் சேதமடைந்த பிறகே அகற்றினார்கள்.

மரத்தைவிட உயரமான வேலி

மரம் ஆண், பெண் வித்தியாசம் பார்ப்பதில்லை. ஆனால் மனிதர்கள் வெகுகாலம் பார்த்தார்கள். அகஸ்டாவில் பெண்களை முதல் முதலாக அங்கத்தினராகச் சேர்த்தது 2012-ல்தான். 2019-ல் பெண் அமெச்சூர்களுக்காக ஒரு போட்டி ஏற்படுத்தி, கடைசி நாள் ஆட்டத்தை அந்தப் பைன் மரங்களுக்கிடையே நடத்தினார்கள். ஜெனிபர் கப்சோ என்னும் அமெரிக்கப் பெண் அதில் வென்றார். ஆசிய விளையாட்டுக்களிலும் 1982-ல் பெண்களுக்குக் கோல்ப் கிடையாது. 1990-ல் பீக்கிங்கில்தான் சேர்த்தார்கள்.

ஜப்பானில் கசுமிகசேகி என்று ஒரு கிளப். புல்வீதிகளின் இரு பக்கமும் மரங்கள் அணிவகுத்து நிற்கும் அழகான மைதானம். டோக்கியோ ஒலிம்பிக் கோல்ப் போட்டிக்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது, அங்கே பெண்களுக்கு முழு அங்கத்தினர் உரிமை இல்லை என்பது உலகம் முழுவதும் பேச்சாயிற்று. ஒலிம்பிக் கமிட்டி வற்புறுத்தவே, 2017-ல் கதவைத் திறந்தார்கள்.

திறந்த கதவு வழியாக நுழைந்தவர்களில் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக்கும் ஒருவர். 2015-ம் ஆண்டு, அமெச்சூராக இருந்தபோதே, பிரிட்டனின் பெண்கள் அமெச்சூர் பந்தயத்தில் பட்டம் வென்றவர். மறு வருஷமே தொழில்முறைக்கு மாறினார். டோக்கியோ போட்டிகள் 2021-ல் நடந்தபோது உலக வரிசையில் அவருக்கு 200-வது இடம். தொலைவாக அடிப்பதில் மற்றப் பெண்களைவிட வெகுவாகப் பின்தங்கியவர். பையைச் சுமந்து கூட நடந்தவர் யார் தெரியுமா? அவருடைய தாயார் மகேஷ்வரி. பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறோம். ஒலிம்பிக் மைதானத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்த அம்மாவை அன்றுதான் பார்த்தோம்!

முதல் மூன்று நாளும் அதிதி பதக்க வரிசையிலேயே இருந்தார். மற்றவர்கள் டிரைவரால் முன்னால் போனார்கள்; இவர் நேர்மையான பாதையாலும், கிரீன் என்னும் குழிப்புறத்துப் புல்தரையில் தப்பாத தள்ளு அடிகளாலும் ஈடு கொடுத்தார். நான்காம் நாள் முடிந்தபோது ‘பார்’ கணக்குக்கு 15 அடி குறைவு. வெண்கலத்துக்கு 16 வேண்டியிருந்தது. ஒரே ஓர் அடியில் பதக்கம் தவறி, நான்காவது இடம். அதிகாலையில் எழுந்து, விதி தெரியாமலே டெலிவிஷன் முன் உட்கார்ந்திருந்த எத்தனையோ குடும்பங்கள் அன்று கோல்ப் என்றால் என்ன என்று தெரிந்து கொண்டன. 2023-ல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் அதிதி வெள்ளி வென்றார். கோல்பில் இந்தியப் பெண் ஒருவர் அங்கே வென்ற முதல் பதக்கம் அது. அதிலும் மூன்றாம் நாள் முடிவில் ஏழு அடி முன்னணியில் இருந்தவர், கடைசி நாள் 77 அடித்ததால் தங்கம் நழுவியது. பொறுமைசாலிக்கும் ஒரு கெட்ட நாள் வருவதுண்டு. கோல்ப் யாருக்கும் நிரந்தரப் பட்டா எழுதிக் கொடுப்பதில்லை.

அடுத்த தடவை டெலிவிஷனில் கோல்ப் போட்டி காட்டினால், சானலை மாற்றுவதற்கு முன் ஐந்து நிமிஷம் பாருங்கள். ஆகாயத்தில் பறக்கும் பந்தை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் அதற்கு முந்திய கணத்தைப் பாருங்கள். இரு பக்கமும் மரங்கள். ஆட்டக்காரர் டிரைவரை எடுக்கிறார், மரத்தைப் பார்க்கிறார், காடியோடு இரண்டு வார்த்தை பேசுகிறார், டிரைவரை மறுபடி பைக்குள் வைத்துவிட்டுச் சிறிய மட்டையை உருவுகிறார். யாரும் கை தட்ட மாட்டார்கள். நீங்கள் தட்டலாம்.